வாடை: இல்லை

மலர்கொடிக்கு வாசம் தெரியாமல் போய் அன்றோடு ஆயிரத்து இருநூற்று எழுபத்து மூன்று நாள்.

கொரோனாவின் இரண்டாம் அலையில் வீட்டில் நாலு பேரும் படுத்தார்கள், நாலு பேரும் எழுந்தார்கள். மற்ற மூவருக்கும் பத்துப் பதினைந்து நாளில் காபி மணத்தது, கருவாடு நாறியது. அவளுக்கு மட்டும் திரும்பவில்லை. முதல் மாதம் முழுக்க தினமும் காலையில் ஒரு பூண்டுப் பல்லை நசுக்கி மூக்கருகே வைத்துப் பார்த்தாள். கண் எரிந்தது, அவ்வளவுதான். திருச்சியில் ஒரு டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "வரும்மா. சில பேருக்கு லேட்டாகும்" என்றார். எத்தனை நாள் என்று சொல்லவில்லை. அதனால் அவளே எண்ண ஆரம்பித்தாள். விலங்கியல் படித்தவளுக்கு எண்ணுவது கைவந்த வேலை.

பூலாம்பாடியில் அவள் அம்மா ரெங்கம்மாளுக்கு மட்டும் விஷயம் தெரியும். அதுவும் மகள் சொல்லித் தெரியவில்லை. கொல்லையில் மூங்கிலும் கீற்றும் கட்டி, காற்றாட வெங்காயத்தைக் கொட்டிவைக்கும் பட்டறை ஒன்று இருந்தது. பட்டறைக்குள் ஒரு வெங்காயம் அழுக ஆரம்பித்தால் மூக்குதான் முதலில் சொல்லும். உடனே பிரித்து எடுத்துவிட்டால் மற்றது பிழைக்கும். அம்மா மாமா வீட்டு விசேஷத்துக்குப் போயிருந்த ஒரு வாரம் மலர்கொடிதான் பட்டறைக்குக் காவல். தினமும் இரண்டு வேளை அதைச் சுற்றி வந்தாள். அம்மா திரும்பி வந்தபோது தெருமுனையிலேயே முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

விதைக்கு வைத்திருந்தது மொத்தமும் கஞ்சியாகிப் போயிருந்தது. அம்மா திட்டவில்லை. வாரிக் கொட்டிவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு வந்து சொன்னாள்: "இத யாருகிட்டயும் சொல்லிக்கிட்டுத் திரியாத. பாலு தீஞ்சாக்கூட தெரியாத பொண்ணுன்னு ஆயிரும். அப்புறம் எவன் வருவான்?"

மலர்கொடி யாரிடமும் சொல்லவில்லை. பொதுவாகவே அவள் அதிகம் பேசாதவள். பேசாதவர்களிடம் யாரும் எதையும் துருவிக் கேட்பதில்லை.

எம்.எஸ்சி. முடித்துவிட்டுச் சும்மா இருந்தவளுக்கு அரியலூரில் ஒரு கல்லூரியில், புவனேஸ்வரி மேடம் நடத்தும் வண்ணத்துப்பூச்சி ஆராய்ச்சியில் உதவியாளர் வேலை கிடைத்தது. நேர்காணலில் என்னென்னவோ கேட்டார்கள். மூக்கைப் பற்றிக் கேட்கவில்லை. சேர்ந்த மூன்றாம் நாள்தான், மூக்குதான் அந்த வேலையே என்று தெரிந்தது.

ஆராய்ச்சி வெண்புள்ளிக் கருப்பனைப் பற்றியது. ஆங்கிலத்தில் அதற்குக் காக்கையின் பெயர். கரும்பழுப்பு இறகு, ஓரத்தில் வரிசையாக வெள்ளைப் புள்ளிகள். புழுவாக இருக்கையில் அரளி இலையைத் தின்று, அதன் விஷத்தோடேயே வளரும். இறகு முளைத்தபின் ஆண் பூச்சிகள் காய்ந்த கிலுகிலுப்பைச் செடியில் கூட்டமாக உட்கார்ந்து தண்டைச் சுரண்டி உறிஞ்சும். அதிலும் பறவைக்கு ஆகாத கசப்பு. அதனால் அதற்கு எந்த அவசரமும் கிடையாது. மற்ற பூச்சிகள் உயிருக்குப் பயந்து வெட்டி வெட்டிப் பறக்கும் இடத்தில், இது சாப்பிட்டுவிட்டு உலாவப் போகிறவர்போலப் பறக்கும். கையில் பிடித்தால் காலை மடக்கிக்கொண்டு செத்ததுபோலக் கிடக்கும். ஆணாக இருந்தால் வயிற்று நுனியிலிருந்து மஞ்சள் தூரிகை மாதிரி இரண்டு மயிர்க்கற்றை வெளியே வரும். கூடவே ஒரு வாடை.

கிலுகிலுப்பையை உறிஞ்சிய பூச்சிக்கு வாடை கூடுதலா என்பதுதான் மேடத்தின் கேள்வி. அளப்பதற்குக் கருவி இல்லை. "மனுச மூக்கவிட என்னம்மா கருவி?" என்பார். பிடித்த பூச்சியை முகர்ந்து, சைபரிலிருந்து மூன்றுவரை ஒரு எண் போட வேண்டும். முதல் நாலு மாதம் ஆங்கிலத் தாளில்தான் எழுதினார்கள்; அடுத்த வருடம் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் செய்யட்டும் என்று பிறகு தமிழில் புதுத் தாள் அச்சடித்தார். நாள், நேரம், பூச்சி எண், ஆண் பெண், வெயில், மேகம், வாடை.

மலர்கொடியைக் காப்பாற்றியது கலையரசன். ஆண்டிமடத்துக்காரன், முந்திரித் தோப்பு வைத்திருக்கும் குடும்பம், அவளைவிட ஒரு வயது மூத்தவன். களத்தில் இறங்கிய முதல் நாளே வலையைக் கையில் எடுத்துக்கொண்டு, "நான் புடிக்கிறேன், நான் மோந்து பாக்கிறேன், நீ எழுது. என் எழுத்த எனக்கே படிக்கத் தெரியாது" என்று சொல்லிவிட்டான். நாலு மாதமாக அப்படியே நடந்தது. அரியலூருக்கு வெளியே, சுண்ணாம்புக்கல் வெட்டி எடுத்துவிட்டுப்போன ஒரு பழைய குழியின் கரையில் அரளியும் கிலுகிலுப்பையும் மண்டிக் கிடந்தன. அங்கேதான் வேலை. அவன் பிடித்து, முகர்ந்து, எண்ணைச் சொல்வான். அவள் எழுதுவாள். பூச்சியின் பின்னிறகில் வெள்ளிப் பேனாவால் எண் போட்டு விட்டுவிடுவார்கள்.

"கருப்பன் புடிக்கப் போறேன்னு சொன்னா எங்கூர்ல என்னயக் கோடாங்கின்னு நெனச்சுக்கிறாங்க. பக்கத்து வூட்டு அக்கா நேத்து திருநீறு கேக்குது."

"குடுத்தீங்களா?"

"குடுக்காம? அதுக்குத் தலவலி போயிருச்சாம்."

அவன் பூச்சியை மூக்கருகே கொண்டுபோகும் ஒவ்வொரு முறையும் அவள் கேட்பாள்: "எப்படி இருக்கு?"

"மூணு."

"நம்பர் இல்ல. எப்படி இருக்கு?"

"எப்படின்னா... முந்திரிக்கொட்ட வறுக்கிற பொகை தெரியுமா? அதுல ஒரு கரண்டி வெல்லப்பாகு ஊத்துன மாதிரி. இந்தா, நீயே மோந்து பாரு."

"எழுதிக்கிட்டிருக்கேன்ல."

தாளில் எண் மட்டும் போகும். அவன் சொன்ன வார்த்தைகளை அவள் தன் நோட்டின் கடைசிப் பக்கங்களில் எழுதிவைத்துக்கொள்வாள். பழைய கோந்து. மழையில் நனைந்த சாக்கு. பச்சைக் கற்பூரம், ஆனால் தூரத்திலிருந்து. 'தெரியல, எங்க மாமா சட்ட' என்று ஒரு நாள். எல்லாம் ஒரே இனத்துப் பூச்சி.

ஒரு முறை கரிச்சான் ஒன்று கம்பியிலிருந்து பாய்ந்து ஒரு கருப்பனைக் கவ்வியது. கவ்விய வேகத்திலேயே உதறிவிட்டு, கம்பியில் உட்கார்ந்து அலகை இப்படியும் அப்படியும் துடைத்தது. பூச்சி மண்ணில் அசையாமல் கிடந்தது. மலர்கொடி குனிந்து எடுத்தாள். தோல்போல வளைந்துகொடுக்கும் உடம்பு, நசுங்கவில்லை. இறகில் மட்டும் அலகு பட்ட இடம் முக்கோணமாகக் கிழிந்திருந்தது. உள்ளங்கையில் ஒரு நிமிடம் செத்துக் கிடந்துவிட்டு, பிறகு எதுவும் நடக்காததுபோல எழுந்து பறந்தது.

"நடிப்பப் பாத்தியா?" என்று கலையரசன் சிரித்தான். அவன் தோள் அவள் தோளுக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது. வெயிலில் அவன் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

தொலைந்துபோன வாசங்களை அவள் நினைவிலிருந்து எடுத்துப் பார்த்துக்கொள்வாள். மழைக்கு முந்தைய மண், புது நோட்டின் நடுப்பக்கம், அம்மா தலைக்குத் தேய்க்கும் எண்ணெய். மங்கலாகத்தான் வரும், ஆனால் வரும். கலையரசனை அவள் பார்த்ததே மூக்கு போனபிறகு. எடுத்துப் பார்க்க அவளிடம் ஒன்றும் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது சில சமயம், அவனுக்குத் தெரியாமல், மெதுவாக மூச்சை உள்ளே இழுப்பாள். காற்று மட்டும் போய்வரும். நாலு மாதமாகப் பக்கத்தில் இருக்கிறவன் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருப்பதுபோல இருக்கும்.

சொல்லிவிடலாம் என்று பலமுறை வாயெடுத்திருக்கிறாள். சொன்னால் வேலை போகும். மூக்கு வேலைக்கு மூக்கில்லாதவள் எதற்கு? வேலை போனால் அரியலூர் பஸ் போகும், குழிக்கரை போகும், அந்த ஒரு சாண் தூரமும் போகும்.

அந்த ஆயிரத்து இருநூற்று எழுபத்து மூன்றாம் நாள் கலையரசன் அக்கா கல்யாணத்துக்கு ஊருக்குக் கிளம்பினான். ஆறு நாள் லீவு.

"நீயே புடிச்சு, நீயே மோந்து, நீயே எழுது. ராஜாங்கம் உன்னுது" என்று வலையையும், அன்றுதான் அச்சாகி வந்திருந்த தமிழ்த் தாள்களையும் அவள் கையில் கொடுத்தான்.

முதல் பூச்சி அரளியில் தேன் குடித்துக்கொண்டிருந்தது. வலையை வீசினாள். கையில் எடுத்ததும் காலை மடக்கியது, மஞ்சள் தூரிகை விரிந்தது. யாரும் பார்க்கவில்லை. மூக்கோடு சேர்த்து வைத்துக்கொண்டாள். தூரிகை மேலுதட்டில் பட்டுக் கூசியது. தண்ணீர்க் குவளையை முகர்வதுபோல இருந்தது. இன்னும் ஒரு முறை, கண்ணை மூடிக்கொண்டு. முந்திரிக்கொட்டை, வெல்லப்பாகு என்று மனசுக்குள் சொல்லிப் பார்த்தாள். வார்த்தைதான் வந்தது.

ஏதோ ஒரு எண் போட்டிருக்கலாம். யார் வந்து சரிபார்க்கப் போகிறார்கள்? ஆனால் பேனா அந்தக் கட்டத்துக்கு வந்ததும் நின்றது. 'இல்லை' என்று எழுதினாள். அடுத்ததற்கும் அப்படியே. ஆறு நாளில் ஐம்பத்தெட்டுப் பூச்சி. ஐம்பத்தெட்டு 'இல்லை'.

கலையரசன் திரும்பி வந்த அன்று மேடம் தாள்களைப் புரட்டிக்கொண்டிருந்தார். அவன் கல்யாண வீட்டு அதிரசத் தூக்கோடு வாசலில் நின்றான்.

"ஏம்மா மலரு," மேடம் கண்ணாடியைத் தூக்கி நெற்றியில் வைத்தார், "அம்பத்தெட்டு கருப்பன். அம்பத்தெட்டுக்கும் இல்ல. எல்லாம் சோப்புப் போட்டுக் குளிச்சுட்டா வந்துச்சு?"

மலர்கொடி மேசையருகே வந்தாள். வாயைத் திறந்தாள். அதற்குள் கலையரசன் எட்டித் தாளைப் பார்த்துவிட்டு வெடித்துச் சிரித்தான்.

"மேடம், தப்பு உங்க மேல. புதுத் தாள்ல வெயில், மேகம், அதுக்குப் பக்கத்துல வாடைன்னு போட்டா? வாடைக்காத்து அடிக்குதான்னு பாத்து எழுதியிருக்கா மேடம்!"

மேடம் தாளைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "நெசமாவாம்மா?"

அவள் தலை தானாக ஆடியது.

மேடம் மேசையில் கவிழ்ந்து சிரித்தார். கண்ணீர் வந்தது. "என் தப்புத்தான்டா. நாத்தம்னே போட்டிருக்கணும். டீசண்டா இருக்கட்டும்னு வாடைன்னு போட்டேன் பாரு." அதிரசம் எல்லோருக்கும் போனது. மறுநாள் அவள் லேபுக்குள் நுழைந்தபோது உதவியாளர் சக்தி, "வாடைக்காத்து வருது, சன்னலச் சாத்துங்கப்பா" என்றான். அவளும் சிரித்தாள். சிரித்துவிட்டு, கை கழுவும் இடத்தில் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றுகொண்டாள்.

தப்பித்தாயிற்று என்றுதான் நினைத்தாள். ஆனால் மேடம் அதோடு விடவில்லை. ஒரு மூக்கை மட்டும் நம்பி ஆராய்ச்சி செய்யக்கூடாது என்று அவருக்கு அப்போதுதான் உறைத்தது. அடுத்த வாரம் சனிக்கிழமை இருபது பூச்சிகளை இரண்டு பேரும் தனித்தனியாக முகர்ந்து, தனித்தனியாக எண் போட வேண்டும். இரண்டும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பார்.

அந்த ஒரு வாரம் மலர்கொடி பழைய தாள்களை எடுத்துவைத்துப் படித்தாள். நாலு மாதத்தில் கலையரசன் சொன்ன எண்களுக்குப் பக்கத்தில், பூச்சி எப்படி இருந்தது என்று நினைவுபடுத்தி எழுதினாள். தூரிகை முழுக்க விரிந்தால் மூன்று. பாதி விரிந்தால் இரண்டு. ஆணாக இருந்தும் விரியாவிட்டால் ஒன்று. பெண்ணுக்குத் தூரிகை கிடையாது, பெரும்பாலும் சைபர், சில சமயம் ஒன்று. பரீட்சைக்குப் படிப்பதுபோலப் படித்தாள்.

சனிக்கிழமை மேடம் மரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். கலையரசன் முகர்ந்து தாளில் எழுதிக் கவிழ்ப்பான். பிறகு அவள். ஒவ்வொரு பூச்சியையும் மூக்கருகே கொண்டுபோய், கொஞ்சம் முகம் சுளித்து, பார்த்ததை எழுதினாள். ஏழாவதாக வந்தது மட்டும் கையில் நிற்கவில்லை. படபடவென்று அடித்துக்கொண்டது, விரலெல்லாம் இறகுத் தூள்.

"இது கருப்பன் இல்ல," என்றான் கலையரசன். "அதே சட்டையத் தச்சுப் போட்டுக்கிட்ட வேற ஆளு. கசப்பும் கெடையாது ஒண்ணும் கெடையாது. விட்டுரு, பாவம்."

அவள் விரலைத் திறந்தாள். வேறு ஒன்றைப் பிடித்து எண்ணிக்கையைச் சரிசெய்தார்கள்.

இருபதில் பதினேழு ஒத்துப்போனது. மேடம் எழுந்தே விட்டார். "பலே! நல்ல மூக்கும்மா உனக்கு. இத வச்சுக்கிட்டா இவன் பின்னாடி எழுதிக்கிட்டு இருந்த? தா.பழூர்ப் பக்கம் வாய்க்கா ஓரமா ஒரு இடம் பாத்து வச்சிருக்கேன். தை மாசத்துலேருந்து அத நீ தனியாப் பாத்துக்க. உன் மூக்கு அங்க, இவன் மூக்கு இங்க."

மலர்கொடி தலையாட்டினாள். தலையாட்டுவது எவ்வளவு சுலபமாகிவிட்டது என்று அவளுக்கே பயமாக இருந்தது. தை மாதத்திலிருந்து வாய்க்கால் கரையில் தனியாக உட்கார்ந்து, முகராமல் முகர்ந்து, ஒவ்வொரு தாளாக நிரப்ப வேண்டும். அந்த எண்களைக் கூட்டி, வகுத்து, யாரோ எங்கேயோ உண்மை என்று படிப்பார்கள். கலையரசன் இங்கே வேறு யாரையாவது எழுதச் சொல்வான். எப்படி இருக்கிறது என்று அந்தப் புதியவள் கேட்பாளா, வெறும் எண்ணோடு விட்டுவிடுவாளா?

சாயங்காலம் அரியலூர் பஸ் ஸ்டாண்டில் இருவரும் நின்றார்கள். அவள் பெரம்பலூர் போய் அங்கிருந்து பூலாம்பாடி போக வேண்டும். அவனுக்கு ஜெயங்கொண்டம் வழி. அவனுடைய பஸ் ஒன்று வந்தது. அவன் ஏறவில்லை.

"பன்னெண்டாம் நம்பரு," என்றான்.

"என்ன?"

"பெட்டைப் பூச்சி. நீ சைபர் போட்டிருக்க. நான் மூணு போட்டேன். என்னா நாத்தம் அது! எனக்கு இன்னும் கையில அடிக்குது."

"எனக்கு அவ்வளவா தெரியல."

"ம்." அவன் கடலைப் பொட்டலத்தைப் பிரித்து அவளிடம் நீட்டினான். அவள் இரண்டு எடுத்துக்கொண்டாள். "எங்கக்கா கல்யாணத்துல பந்தல் சாஞ்சத உங்கிட்ட சொன்னேனா?"

"இல்லையே."

"மொத நாளு. சமையக்காரரு தலையில கீத்து விழுது, அவரு ரசக் குண்டானத் தூக்கிக்கிட்டு ஓடுறாரு, எங்க மாமா அவரு பின்னாடி ஓடுறாரு. என்னா காத்துங்கிற! நாலு நாளு விடவே இல்ல. வாடை."

அவள் சிரிக்கப்போனவள் நிறுத்திக்கொண்டாள்.

"இங்கயும் அடிச்சிருக்கும்ல?" என்றான்.

அடித்தது. வலை பாய்மரம்போல உப்பிக்கொண்டு கையை இழுத்தது. தாள்கள் பறந்து, குழிக்குள் பாதிவரை இறங்கிப் பொறுக்கிக்கொண்டு வந்தாள்.

"அடிச்சுது" என்றாள்.

"அப்ப வாடைக்காத்துன்னு நெனச்சு எழுதியிருந்தா உண்டுன்னுல்ல எழுதியிருக்கணும்?"

 அவள் கைகள் தாமாகவே மார்போடு சேர்ந்து நோட்டை இறுக்கிக்கொண்டன. அசையாமல் நின்றாள். இப்படி நின்றால் கேட்டவர்கள் கொஞ்ச நேரத்தில் சலித்து விட்டுவிடுவார்கள். இருபத்தைந்து வருடத்தில் அது பலிக்காமல் போனதில்லை.

கலையரசன் கடலைத் தோலை ஊதிவிட்டு, அவளைப் பார்க்காமல் பேசினான். "அந்தப் பொய்ய நான்தான் எடுத்துக் குடுத்தேன். சும்மா சிரிக்கிறதுக்கு. நீ ஏன் அத வாங்கிக்கிட்டேன்னு பதினோரு நாளா யோசிக்கிறேன். சொல்ல வேணாம்னா விடு. மேடத்துகிட்டயும் நான் ஒண்ணும் சொல்லப்போறதில்ல."

பெரம்பலூர் பஸ் திரும்பி உள்ளே வந்தது. கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டு ஊர் பேரைக் கூவினார். கூட்டம் கதவை நோக்கி நகர்ந்தது. மலர்கொடியும் நகர்ந்தாள். படியில் ஒரு காலை வைத்தாள். அவன் சொல்ல மாட்டான், அவனைத் தெரியும். தை மாதம் தா.பழூர் போகலாம். அம்மா சந்தோஷப்படுவாள். எல்லாம் இப்படியே இருக்கும், இதைவிடக் கொஞ்சம் தூரத்தில்.

"ஏறும்மா, ஏறுறதுன்னா ஏறு, எறங்குறதுன்னா எறங்கு" என்றார் கண்டக்டர்.

அவள் இறங்கினாள். பஸ் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போனது. கலையரசன் அதே இடத்தில், பொட்டலத்தைக் கையில் பிடித்தபடி நின்றிருந்தான். அவள் எதிரில் வந்து, எப்போதும் விடும் ஒரு சாண் தூரத்தை விட்டு நின்றாள்.

"எனக்கு வாசம் தெரியாதுங்க," என்றாள். "எதுவுமே தெரியாது. மூணரை வருசமா. நாலு மாசமாப் பக்கத்துல நிக்கிறீங்க, உங்க மேல என்ன வாசம் அடிக்கும்னுகூட எனக்குத் தெரியாது."